டீக்கடைக்கு வந்த ஒட்டகம்

பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் ஏழரை மணி பெர்ரிக்காகக் காத்திருந்த ஒரு டிசம்பர் காலையில், அப்பாராவ் டீக்கடையின் பிஸ்கட் பாட்டில் மீது ஒரு ஒட்டகம் படுத்திருப்பதைப் பார்த்தேன்.

இந்தத் தீவுகளில் யானை உண்டு, முதலை உண்டு, வாடகை கொடுக்காமல் நம் வீட்டிலேயே குடித்தனம் நடத்தும் பூரான் உண்டு. ஒட்டகம் கிடையாது. இது சாந்தில் செய்து வர்ணம் பூசிய ஒட்டகம். ஒரு சாண் உயரம்கூட இராது.

என் கையில் அப்போது கவனத்தைப் பற்றிய ஒரு புத்தகம் இருந்தது. இந்த இடத்தில் படிப்பதை நிறுத்தி, தலையைத் தூக்கி, சுற்றிலும் உள்ளதைப் புதிதாகப் பாருங்கள் என்று அந்தப் பக்கத்தில் கட்டளை போட்டிருந்தது. புத்தகம் சொன்னால் நான் மறுப்பதில்லை. தூக்கினேன். ஒட்டகத்தின் இடது காது உடைந்து, மெழுகுவத்தி மெழுகால் ஒட்டப்பட்டிருந்தது.

அந்தக் காதை எனக்குப் பன்னிரண்டு கிறிஸ்துமஸாகத் தெரியும். பக்கத்து வீட்டு பிலோமினாவின் குடிலில், மூன்று ராஜாக்களுக்குப் பின்னால் படுத்திருக்கிற ஒட்டகம் அது. மற்ற நாட்களில் என் வீட்டுப் பரணில், அட்டைப்பெட்டிக்குள், வைக்கோலில் இருக்க வேண்டியது.

"அப்பாராவ், இது எங்கேயிருந்து வந்தது?"

"அச்சா ஹை நா, மேடம்? மேலே ரோடு ஓரம் ஒரு டப்பால இருந்தது. பாவம், யாரோ மறந்து வெச்சிட்டாங்க. இது வந்த நாள்லேர்ந்து நம்ம பிக்ரி டபுள். லக்கி ஊண்ட், மேடம்!"

பிக்ரி என்றால் வியாபாரம், ஊண்ட் என்றால் ஒட்டகம். ஸ்ரீகாகுளத்திலிருந்து வந்த அப்பாராவ், எங்கள் எல்லோரையும் போலவே இந்தித் தண்ணீரில் தாய்மொழியைக் கலந்து பேசுகிறவர். அவர் சிரித்தார். பெர்ரி வந்து, ஆளும் வண்டியும் ஏற்றிக்கொண்டு அக்கரையில் உள்ள சாத்தமுக்குப் போய்விட்டது. நான் ஏறவில்லை.

நான் படிக்கிற விதம்

இந்தத் தொடரை இப்போதுதான் படிக்க எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. எனக்கு ஐம்பத்து நான்கு வயது. போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிறேன். தினமும் பெர்ரியில் போய்ப் பெர்ரியில் வருகிறேன். என் வீட்டுக்காரர் சண்முகம் பாம்பூஃப்ளாட்டிலேயே எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறார்.

நாவல் படித்தால் அழுதுவிடுவேன், பெர்ரியில் நாலு பேர் பார்ப்பார்கள். ஆகவே உண்மைப் புத்தகங்கள் மட்டுமே படிப்பது. எல்.டி.சி. என்கிற அரசு விடுமுறைப் பயணச் சலுகையில் மெயின்லேண்ட் போகும்போது ஒரு பை நிறைய வாங்கி வருவேன். மற்றபடி, யார் சென்னைக்குக் கப்பலேறினாலும் அவர் கையில் என் சீட்டு ஒன்று போகும். தீவில் இது சகஜம். சிலர் பலாப்பழத்துக்குச் சீட்டு கொடுப்பார்கள், சிலர் மிக்ஸி ஜாருக்கு. நான் அறிவுக்கு.

ஒரே ஒரு குறை, நான் கடைசியாகப் படித்த புத்தகம்தான் எங்கள் வீட்டில் சட்டம். அடுத்த புத்தகம் வரும்வரை அமலில் இருக்கும். நடைப்பயிற்சிப் புத்தகம் படித்த மாதத்தில் பெர்ரியின் மேல்தளத்தை வட்டமடித்து வட்டமடித்து, சாத்தமுக்கு நடந்தே போய்ச் சேர்ந்தேன் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள்.

என் வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷமாக இதற்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறார். "ஏட்டுச் சொரக்கா கறிக்கு ஆகாதுடி." ராமநாதபுரத்திலிருந்து கப்பலில் அவர் கொண்டுவந்த சொத்தே அந்தச் சுரைக்காய்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

ஐந்து மணிக்கு இருட்டு

அந்த வருஷம் படித்தவற்றில் முதலில் தூக்கத்தைப் பற்றியது. மேல்நாட்டு டாக்டர் எழுதி, நல்ல தமிழில் மொழிபெயர்த்தது. பெயர் சொல்லப் போவதில்லை, அவர் தூக்கம் கெட வேண்டாம்.

சூரியன் மறைந்ததும் வீட்டில் பெரிய விளக்குகளை அணைத்துவிட வேண்டுமாம். மங்கல் வெளிச்சத்தில் மூன்று மணி நேரம் இருந்துவிட்டுப் படுத்தால் சொர்க்கமாம். அவர் ஊரில் சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறதோ தெரியாது. எங்கள் தீவு கிழக்கே தூரத்தில் கிடக்கிறது, கடிகாரமோ டெல்லிக் கடிகாரம். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.

ஆகவே ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் டியூப்லைட் அணைந்தது. ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு, அப்புறம் சாமி அலமாரியில் நான் ஏற்றும் அகல், அவ்வளவுதான் வெளிச்சம். கடை மூடி எட்டு மணிக்கு வருகிற மனிதர் வாசலிலேயே நின்று, "யாரும் செத்துட்டாங்களா?" என்று கேட்டார். ஊருக்கே பல்பு விற்கிறவர் தன் வீட்டில் தடவித் தடவிச் சோறு தின்றார். இரண்டு தடவை ரசத்துக்குப் பதில் வடித்த கஞ்சியை ஊற்றிக்கொண்டார். புகார் சொல்லவில்லை, சுரைக்காயை மட்டும் சொன்னார்.

எனக்கு நல்ல தூக்கம் வந்தது. அதை நான் மறுக்க மாட்டேன். அதனால் அடுத்த புத்தகம் வந்த பிறகும் இந்தச் சட்டம் மட்டும் நீடித்தது. இந்த இருட்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

ஆறு மாதம் தொடாத பொருள்

இரண்டாவது புத்தகம்தான் வினை. வேண்டாததை வெளியேற்றுவது பற்றியது. ஆறு மாதம் நீங்கள் தொடாத பொருள் உங்களுடையது அல்ல, வெளியே வையுங்கள் என்றது. படித்து முடித்தபோது எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. நிமிர்ந்து பரணைப் பார்த்தேன். இருபதுக்கு மேல் அட்டைப்பெட்டிகள்.

தீவுக்காரர்கள் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடமாட்டோம். டிவி வந்த பெட்டி, மிக்ஸி வந்த பெட்டி, எல்லாம் பரணுக்குப் போகும். என்றாவது ஒருநாள் கப்பலேற வேண்டும், அன்றைக்குப் பெட்டி வேண்டும். எங்கள் வீட்டில் இருபத்தெட்டு வருஷமாக அந்த என்றாவது வரவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, பொழுது விடிந்ததும் ஏணி போட்டு ஏறி, கைக்கு வந்த பதினோரு பெட்டிகளை இறக்கினேன். ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தது புத்தகம். ஒரு பெட்டியில் வைக்கோல், அதன் மேல் ஒரு கைக்குட்டைச் சுருட்டு. எலி குட்டி போட்டிருக்கிறது என்று முகத்தைச் சுளித்து, மூடாமலேயே தூக்கிப் போனேன். ஓடாத பெடஸ்டல் ஃபேன் ஒன்றையும் சேர்த்து எல்லாவற்றையும் ரோடு ஓரம் வரிசையாக வைத்துவிட்டு ஜெட்டிக்கு ஓடினேன். சாயங்காலம் வந்து பார்த்தால் ரோடு ஓரம் துடைத்துவிட்டாற்போல் சுத்தம். ஜென்மம் சாபல்யம் அடைந்தது என்று நினைத்தேன்.

அந்த வைக்கோல் பெட்டிதான் குடில் பெட்டி. பிலோமினாவின் வீடு ஓடை ஓரத்தில், தாழ்வில் இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே எதை வைத்தாலும் பூசணம் பூக்கும். என் வீடு மேட்டில் உள்ள காங்கிரீட் வீடு. ஆகவே ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் பெட்டி என் பரணுக்கு வரும், டிசம்பரில் இறங்கும். நடுவில் பதினோரு மாதம் அதை யார் தொடுவார்கள்? அது என்னுடையதல்ல என்று புத்தகம் சொன்னது. சத்தியமாக என்னுடையதல்லதான்.

பொருட்கள் திரும்பின

இன்னொரு விஷயம் அந்தப் புத்தகாசிரியருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தீவில் ஒரு பொருளை வெளியேற்ற முடியாது. ஒரு ஆணிகூடக் கப்பலில் வர வேண்டிய ஊரில், நல்ல பொருள் ரோட்டில் கிடந்தால் அது தவறிக் கிடக்கிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

மூன்றாம் நாளே எதிர்வீட்டு பெங்காலி அண்ணன் பிஸ்வாஸ் தாதா ஃபேனைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். "பாபி, யே பாஹர் ரஹ் கயா தா," அண்ணி, இது வெளியே நின்றுபோச்சு என்றார். ரிப்பேர் செய்து, இறக்கைக்கு எண்ணெய் போட்டு, துடைத்துக் கொண்டுவந்திருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். காலிப் பெட்டிகளும் ஒவ்வொன்றாக வாசலுக்கு வந்து சேர்ந்தன. எனக்கு அது பெரிய தொந்தரவாக இருந்தது. ஒட்டகத்தைப் பார்த்த அன்றைக்குத்தான், அந்தத் தொந்தரவு முழுசாக வரவேண்டுமே என்று சாமியை வேண்ட ஆரம்பித்தேன்.

பிலோமினா அப்போது ஊரில் இல்லை. மாயாபந்தரில் கட்டிக்கொடுத்த மகளையும் ஆறு மாதப் பேத்தியையும் கிறிஸ்துமஸுக்குக் கூட்டிவரப் போயிருந்தாள். அந்தப் பேத்தி ஏழு வருஷம் காத்திருந்து பிறந்தவள். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குடில் கட்டி முடித்ததும், வீட்டில் எது கடைக்குட்டியோ அது கையால் பாலனை வைக்கோலில் கிடத்த வேண்டும். பாலன் என்றால் குழந்தை யேசு. ஏழு வருஷமாகக் குழந்தையில்லாத வீட்டில், பிலோமினாவின் நாற்பது வயதுத் தம்பிதான் கடைக்குட்டி என்ற பெயரில் வெட்கப்பட்டுக்கொண்டு கிடத்துவார்.

மற்ற பொம்மைகள் உடைந்து உடைந்து புதிதாக வாங்கியவை. பாலன் மட்டும் பழையவர். பிலோமினாவின் மாமனார் தூத்துக்குடியிலிருந்து முதன்முதலில் கப்பலேறியபோது சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தது. அந்த மனிதர் இப்போது இல்லை.

அன்று காலை ஜெட்டியில் நிற்கும்போதே போன் வந்தது.

"ஏக்கா, நாங்க அடுத்த வாரம் சனிக்கெழம வந்துருவோம். பெட்டி பத்திரமா இருக்குல்லா?"

"பத்திரமா இருக்கு, பிலோமினா."

ஒட்டகம் என்னைப் பார்த்தது. இன்னும் பத்து நாள் இருந்தது. அதற்குப் பிறகு அவள் போட்ட ஒவ்வொரு போனுக்கும் அதே பதிலைத்தான் சொன்னேன்.

பிரயாணம் போன ராஜாக்கள்

அப்பாராவ் ஒட்டகத்தை விடமாட்டேன் என்றார். வியாபாரம் படுத்துவிடும் என்று பயம். கடைசியில் என் கொலு பொம்மைகளிலிருந்து மளிகைக்கடைச் செட்டியாரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வியாபாரத்துக்கே பிறந்தவர் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன். செட்டியார் இன்றும் பிஸ்கட் பாட்டில் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்.

மாதாவும் அவர் கணவர் சூசையப்பரும் பிஸ்வாஸ் தாதா வீட்டு டிவி மேல் பிளாஸ்டிக் பூவுக்கு நடுவே இருந்தார்கள். யாருடைய சாமி என்று தெரியவில்லை, ஆனால் சாமி என்று தெரிந்தது என்றார். பெட்டியையும் வைக்கோலையும் அவருடைய மைத்துனர் கோழிகளுக்காகப் புரோத்ராபூருக்குக் கொண்டுபோயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். கோழிக்கூண்டு வாசலில் மூன்று ராஜாக்களும் வரிசையாகக் காவல் நின்றார்கள். ஒரு ராஜாவின் தாடியைக் கோழி கொத்தித் தின்றிருந்தது.

சம்மனசு, அதாவது தேவதூதர், ஒரு ஆட்டோவின் முன்கண்ணாடியில் பறந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும், எங்கே போக வேண்டும் என்றே சொல்லாமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஆடுகள்தான் கடினம். சலூன்காரர் அவற்றை மீன்தொட்டிக்குள் போட்டிருந்தார். நான்கு ஆடுகளும் தண்ணீருக்கடியில் மேய்ந்துகொண்டிருக்க, மேலே தங்கமீன் ஒன்று அவற்றை மேய்த்துக்கொண்டிருந்தது. சலூனுக்குள் பெண்பிள்ளை நுழைந்ததில் ஷேவிங் பாதியில் நின்றது. முழங்கை வரை நனைத்து எடுத்தேன்.

அப்பாராவைத் தவிர ஒருவரும் முணுமுணுக்கவில்லை. தவறிக் கிடந்தது, பத்திரமாக வைத்திருந்தோம், இந்தாங்க. எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். எனக்குத்தான் அழுகையாக வந்தது.

ஆறு நாளில் எல்லாம் சேர்ந்துவிட்டன, பாலனைத் தவிர. பெட்டியில் அப்படி ஒன்று இருக்கவே இல்லை என்று எல்லோரும் கைவிரித்தார்கள்.

கவனப் புத்தகத்தில் ஒரு வழி இருந்தது. தொலைந்ததை மனத்தில் நிறுத்தி, கண்மூடி, மூச்சைக் கவனித்து உட்கார்ந்தால் வைத்த இடம் தானாகத் தோன்றுமாம். பெர்ரியில் உட்கார்ந்தேன். கண் திறந்தபோது மறுபடியும் பாம்பூஃப்ளாட்டில் இருந்தேன். சாத்தம் வந்து போயிருக்கிறது. திரும்ப உட்கார்ந்தேன், திரும்ப அதேதான். மூன்றாவது தடவை டிக்கெட் கிழிப்பவர் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, மேடத்துக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டிருக்கிறார்.

வீட்டுக்காரரிடம் நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் சுரைக்காய் வரும். சேர்த்த பொம்மைகளை எல்லாம் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்துவிட்டு, ஐந்து மணியானால் இருட்டில் அகல் ஏற்றி, சாமி அலமாரி முன்னால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வேண்டினேன். பிள்ளையாரே, முருகா, யாராவது அந்தப் பிள்ளையைக் கண்டுபிடித்துக் கொடுங்கள். காலைப் பூஜை வீட்டுக்காரருடையது. நான் பெர்ரிக்கு ஓடிய பிறகு குளித்து, அலமாரி திறந்து, பூ வைத்து, மறுபடி சாத்திவிட்டுக் கடைக்குப் போவார்.

வியாழக்கிழமை தைரியம் போய், அபர்தீன் பஜாரில் ஒரு புது பாலனை வாங்கினேன். கடையில் இருந்தது ஒன்றுதான். பிளாஸ்டிக். நிற்கவைத்தால் சூசையப்பரைவிட உயரம். வயிற்றில் பேட்டரி வேறு. திரும்புகிற பெர்ரியில் கூட்ட நெரிசலில் யாரோ என் பையை அழுத்த, பைக்குள்ளிருந்து குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. நூறு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெங்காலி அம்மாள், "பச்சாவைப் பையிலயா வெப்பாங்க!" என்று பதறி எழுந்தாள். நான் பையைத் தட்டித் தட்டித் தூங்கவைத்தேன்.

மன்னிப்பின் ஆறு படிகள்

ஆகவே உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். அதற்கும் என்னிடம் புத்தகம் இருந்தது. மன்னிப்புக் கேட்பதற்கு ஆறு படிகள். முதல் படி, செய்ததைப் பூசி மெழுகாமல் சொல்வது. இரண்டாவது, காரணம் சொல்லாமல் இருப்பது. நான்காவது படி வரை பெர்ரியில் மனப்பாடம் செய்துவிட்டேன். மீதியைச் சனிக்கிழமைக்குள் முடிக்கலாம் என்று கணக்கு.

பிலோமினா வெள்ளிக்கிழமையே வந்துவிட்டாள். ஐந்தரை மணி. அகல் ஏற்றிவிட்டு, சிவப்பு பல்பின் அடியில் ஐந்தாவது படியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருக்கிறாள்.

"ஏக்கா, பெட்டிய எடுத்துட்டுப் போவலாம்னு வந்தேன். இவ கையால இன்னைக்கே ஒருக்கா தொட வச்சிருவோம். பொறுக்க முடியலக்கா."

நான் எழுந்து நின்றேன். "பிலோமினா, நான் உனக்கு ஒரு தவறு இழைத்திருக்கிறேன். அதன் முழுப் பொறுப்பும் என்னுடையது."

"என்னக்கா, ரேடியோ நியூஸ் மாதிரி பேசுதீக?"

"நான் எந்தக் காரணமும் சொல்லப் போவதில்லை. என் செயலால் உனக்கு ஏற்பட்ட..."

"ஐயோ, யாருக்கு என்னாச்சு? மொதல்ல லைட்டப் போடுங்க, இருட்டுல மூஞ்சியே தெரியல!" என்று சொல்லிக்கொண்டே அவள் கை சுவரைத் தடவி டியூப்லைட்டைப் போட்டது.

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக எங்கள் வீட்டில் மாலை வெளிச்சம் வந்தது. நான் கண்ணைக் கசக்கினேன். பிலோமினா கசக்கவில்லை. திறந்திருந்த சாமி அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில், ஒரு வெற்றிலையின் மேல், மல்லாந்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு பாலன் படுத்திருந்தார். நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். காலடியில் அன்று காலை வைத்த செம்பருத்தி.

பத்து நாளாக நான் யாரைத் தேடித் தரும்படி வேண்டினேனோ, அவரிடமேதான் வேண்டியிருக்கிறேன்.

"பொட்டெல்லாம் வச்சு..." என்றாள் பிலோமினா. குரல் மெல்லத்தான் வந்தது. "எதுக்குக்கா தனியா எடுத்து வச்சிருக்கீக? மத்ததெல்லாம் எங்க?"

அதன் பிறகு எனக்கு ஒரு படியும் ஞாபகம் வரவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே, புத்தகம், பரண், ரோடு, டீக்கடை, கோழிக்கூண்டு, மீன்தொட்டி என்று உளறினேன். தாடியில்லாத ராஜாவை எடுத்து வைத்தபோது அழுதேவிட்டேன். பிளாஸ்டிக் பாலனும் கூடவே உருண்டு வந்து, அவரும் அழுதார். அதைக் கேட்டுப் பேத்தியும் அழுதது.

ம்

அந்த நேரம் பார்த்து, டிக்கெட்காரர் சொன்னதிலிருந்து என்னைப் பற்றிக் கவலையில் இருந்த வீட்டுக்காரர் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்தார். வெளிச்சத்தையும் அழுகையையும் பார்த்துத் திகைத்து நின்றார்.

"இந்தக் கொழந்த எப்படி அலமாரிக்கு வந்துச்சு?" என்று கேட்டேன்.

"நான்தான் வச்சேன். நீ பொட்டியெல்லாம் வெளிய வச்ச அன்னைக்கு, கடைக்குப் போறப்போ பாக்குறேன், ஆலிலைக் கிருஷ்ணன் வைக்கோல் மேலாப்புல கைக்குட்டைல கெடக்காரு. சாமியப் போயி ரோட்டுல வைப்பாங்களான்னு எடுத்தாந்தேன். அடியில இருந்ததை நான் எங்க பாத்தேன்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. அன்னைக்கு ராத்திரி சாப்பிடறப்பவே சொன்னேன். கிருஷ்ணனை வெளிய வச்சிட்டே, நான் எடுத்து அலமாரில வச்சிருக்கேன்னு. நீ அந்தச் சிவப்பு பல்புக்குக் கீழ பொஸ்தகம் படிச்சிட்டிருந்த. ம்-ன்னு சொன்ன."

நான் அன்றைக்கு ஆரம்பித்த புத்தகம் எது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கவனத்தைப் பற்றியது.

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சுரைக்காயும் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

பிலோமினா பேத்தியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு பாலனைக் கைக்குட்டையில் எடுத்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை.

"தூக்கிப் போட்டது கூட போவட்டும்க்கா. தெரியாமத்தான் போட்டீக. பத்து நாளும் பத்திரம், பத்திரம்னு போன்ல சொன்னீகல்லா? அங்கன நான் எம்புட்டு நிம்மதியா இருந்தேன் தெரியுமா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கு எழுதும்போதும் இருக்கிறது.

தாடியில்லாத ராஜா

அதன் பிறகு அவள் என்னுடன் பேசவில்லை. குடில் அவள் வீட்டு வாசலில் எப்போதும்போல எழுந்தது. கூப்பிடாத வீட்டுக்குள் நுழைய மனமில்லாமல், வேலி ஓரம் நின்று பார்த்தேன். தண்ணீரில் ஊறிய ஆடுகள் வெளுத்திருந்தன. ராஜாவுக்கு யாரோ பஞ்சில் தாடி ஒட்டியிருந்தார்கள், அதனால் மூவரில் அவர்தான் மூத்தவராகத் தெரிந்தார். மகள் தாங்கிப் பிடிக்க, ஆறு மாதப் பேத்தி இரண்டு கையாலும் பாலனைப் பிடித்து, முதலில் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு வைக்கோலில் போட்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

குங்குமம் போகவில்லை. பழைய சாந்து அதை உறிஞ்சிக்கொண்டுவிட்டது. நெற்றியில் இளஞ்சிவப்பாக ஒரு வட்டம்.

மறுநாள் எல்லா வீட்டுக்கும் கேக் போயிற்று. எங்கள் வீட்டுக்கும் வந்தது, ஆனால் கடைக்கு, வீட்டுக்காரர் கையில். பன்னிரண்டு வருஷமாக அடுப்படி வழியாக உள்ளே வந்து, நான் என்ன குழம்பு வைத்திருக்கிறேன் என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தருகிறவள். அந்தக் கேக்கைப் பிரிக்காமல் வைத்துவிட்டேன். புத்தகம் எதுவும் எடுக்கவும் தோன்றவில்லை. பெர்ரியில் சும்மா உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போனேன். உடம்புக்கு என்ன என்று டிக்கெட்காரர் மறுபடி போன் போட்டார்.

ராஜாக்கள் திருநாள் வந்தது. குடிலைப் பிரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பெட்டி இனிமேல் பிஸ்வாஸ் தாதா வீட்டுக்குத்தான் போகும் என்று நானே மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அவர் வீடும் மேட்டில்தான் இருக்கிறது. தவிர, அவருக்குத் தமிழ்ப் புத்தகம் படிக்கத் தெரியாது.

அன்று மாலை டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அடுப்படி வழியாகக் காலடிச் சத்தம். பிலோமினா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நடு ஹாலில் இறக்கினாள். என் குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்து மூடினாள்.

பெட்டியின் நான்கு பக்கமும், மேல்மூடியிலும், தடித்த கறுப்பு மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

"நீங்கதான் அம்புட்டு பொஸ்தகம் படிக்கிறீகளே. இதையும் படிச்சிருங்கக்கா," என்றாள்.

நான் குனிந்து மனத்துக்குள் படிக்க ஆரம்பித்தேன்.

"வாய்விட்டுப் படிங்க."

"இது பிலோமினா வீட்டுக் குடில். உள்ளே பாலன் இருக்கிறார். தூக்கிப் போடக் கூடாது."

"அடுத்த பக்கம்."

"அதுவேதான் எழுதியிருக்கு, பிலோமினா."

"இருக்கட்டும். படிங்க."

ஐந்து பக்கத்தையும் படித்தேன். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும், பரணுக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர் "ம்" என்றார்.